நேரடி உரிமையும் அதன் பரிசீலனையும்

ஒரு கணினியில் நூற்றுக்கணக்கான நிரல்கள் ஒரே சமயத்தில் ஓடிக்கொண்டிருக்க, ஒன்றின் நினைவகத்தை மற்றொன்று தீண்டாமலும், ஒன்றின் கோப்பில் மற்றொன்று குறுக்கிடாமலும், பழுதுபட்ட நிரல் தான் மட்டும் வீழ்ந்து பிறவற்றை வீழ்த்தாமலும் இருப்பதற்குக் காரணம் அந்நிரல்களின் நற்குணம் அன்று. பிராசஸருக்குள்ளேயே பொறிக்கப்பட்டிருக்கும் ஒரு பேதமே ஆகும். இன்டெல் வகைப் பிராசஸர்களில் சலுகை நிலைகள் நான்கு உண்டு. லினக்ஸ் என்னும் இயங்குதளம் அவற்றுள் முதலாவதையும் கடைசியையும் மட்டுமே கையாளுகிறது. பூஜ்யம் என்னும் நிலையில் இயங்குதளத்தின் மையமாகிய கெர்னல் ஓடுகிறது. மூன்று என்னும் நிலையில் நாம் அன்றாடம் பயன்படுத்தும் நிரல்கள் ஓடுகின்றன. மூன்றாம் நிலையிலுள்ள நிரலுக்கு நெட்வொர்க் அட்டையையோ வட்டையோ தானே தொட்டு இயக்கும் அதிகாரம் கிடையாது. 'சிஸ்டம் கால்' என்னும் அழைப்பின் மூலம் தன் கோரிக்கையைக் கெர்னலிடம் சமர்ப்பிக்க வேண்டும். கெர்னல் அதனை ஆராய்ந்து, தக்கதாயின் தானே நிறைவேற்றித் தரும். ஒவ்வொரு கோரிக்கையும் ஒவ்வொரு முறையும் ஆராயப்படுகிறது என்பதே இந்த ஏற்பாட்டின் பலம்.

அதுவே அதன் பலவீனமும் ஆகும். நொடிக்கு ஆயிரங்கோடி பிட் வேகமுள்ள ஈதர்நெட் இணைப்பு ஒன்றில், மிகச் சிறிய தரவுப் பொதிகள் இடைவிடாது வருமானால், நொடிக்கு ஏறத்தாழ 1 கோடியே 48 லட்சம் பொதிகள் வந்து சேரும். ஒரு பொதிக்குக் கிடைக்கும் அவகாசம் 67 நானோ நொடிதான். மூன்று கிகாஹெர்ட்ஸ் பிராசஸர் ஒன்று அதற்குள் இருநூறு துடிப்புகளையே துடிக்கும். அந்த இருநூறு துடிப்புகளுக்குள் நிலை மாறிக் கெர்னலுக்குள் புகுந்து, கோரிக்கையை ஆராய்ந்து, பொதியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பிரதி எடுத்து, மீண்டும் நிலை மாறி வெளிவருவது ஆகாத காரியம். பங்குச் சந்தைக் கணினிகளிலும், ஆயிரக்கணக்கான இயந்திரங்களைப் பிணைத்து ஒரே கணக்கைச் செய்யும் மகா கணினிகளிலும், இத்தாமதம் சகிக்கத்தக்கதன்று. ஆகவே, கெர்னலை வழியிலிருந்து விலக்கி, நிரலுக்கே வன்பொருளை நேரடியாகக் கையாளும் உரிமையைத் தந்துவிட்டால் என்ன என்ற எண்ணம் பொறியாளர்களிடையே எழுந்தது. 1995இல் கார்னெல் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட 'யூ-நெட்' என்னும் அமைப்பு இவ்வழியில் வைத்த முக்கியமான அடி. 1997இல் காம்பாக், இன்டெல், மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் கூடி இதே கருத்தை ஒரு தொழில்துறை விதிமுறையாக வகுத்தன. 2005இல் இன்ஃபினிபேண்ட் வலையமைப்புக்கான நிரல்கள் லினக்ஸுக்குள் இடம்பெற்றன. 2007இல், சாதனத்தின் கட்டுப்பாட்டுப் பதிவேடுகளைச் சாதாரண நிரல்களுக்குத் திறந்துவிடும் 'யூ.ஐ.ஓ.' என்னும் பொது ஏற்பாடும் வந்து சேர்ந்தது.

சாதனத்தைக் கெர்னலின் சார்பில் இயக்குவது 'டிரைவர்' என்னும் நிரல். இவ்வகை உரிமையை வழங்கும் டிரைவரைக் கெர்னலுக்குள் சேர்த்துக்கொள்வதற்குமுன், அதனை எழுதாத பிறர் வரிவரியாக வாசித்துக் கேள்வி எழுப்பும் வழக்கம் உண்டு. நிரலை எழுதியவரல்லாதார் முறைப்படி வாசித்துப் பிழை காண்பது பெரும் பயன் தரும் என்பதை ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கேல் ஃபேகன் 1976லேயே கட்டுரையாக எழுதி நிலைநாட்டினார். ஆனால், நேரடி உரிமை தரும் டிரைவரின் பரிசீலனை பிற நிரல்களின் பரிசீலனையினின்றும் தன்மையிலேயே வேறுபட்டது. அவ்வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதையும், அப்பரிசீலனையில் எழுப்பப்பட வேண்டிய கேள்விகள் யாவை என்பதையும் இவ்வத்தியாயத்தில் காண்போம்.

உரிமை எவ்வாறு கைமாறுகிறது

ஒவ்வொரு நிரலும் தனக்கென ஒரு முகவரி வெளி இருப்பதாகக் கருதிக்கொண்டு ஓடுகிறது. அது குறிப்பிடும் முகவரி மெய்நிகர் முகவரி. அதனைப் பௌதிக முகவரியாக மாற்றித் தருவது 'பக்க அட்டவணை' என்னும் பட்டியல். நினைவகம் பெரும்பாலும் 4,096 பைட் கொண்ட பக்கங்களாகப் பகுக்கப்பட்டிருப்பதால், இன்ன மெய்நிகர்ப் பக்கம் இன்ன பௌதிகப் பக்கத்தைச் சுட்டும், அதில் வாசிக்கலாம், எழுதலாகாது என்றவாறு ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பதிவு அப்பட்டியலில் இருக்கும். சாதனங்களின் பதிவேடுகளும் பௌதிக முகவரிகளிலேயே அமைந்திருப்பதால், அம்முகவரிகளைச் சுட்டும் பதிவு ஒன்றை நிரலின் பக்க அட்டவணையில் எழுதிவிட்டால் போதும். அன்று முதல் அந்நிரல் தன் சொந்த நினைவகத்தில் எழுதுவதுபோலவே சாதனத்தில் எழுதலாம். இதனைச் செய்யும்படி நிரல் கெர்னலைக் கேட்கும் அழைப்பின் பெயர் 'எம்மேப்'. அவ்வழைப்பு வந்ததும் ஓடி, உரிமை தரலாமா, எவ்வளவு தரலாம் என்று தீர்மானிக்கும் பொறுப்பு டிரைவரைச் சேர்ந்தது.

இங்கேதான் பரிசீலகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டிய அடிப்படை உண்மை புலப்படுகிறது. சாதாரண டிரைவரில் ஒவ்வொரு கோரிக்கையும் கெர்னலின் கண்முன் நிகழ்கிறது. முதல் கோரிக்கையில் தவறவிட்ட சோதனையை வேறோர் இடத்தில் வேறொரு சோதனை ஈடுசெய்யக்கூடும். நேரடி உரிமையிலோ, கெர்னல் பிரசன்னமாயிருப்பது உரிமை வழங்கும் அந்த ஒரு கணத்தில் மட்டுமே. அதன்பின் நிரல் என்ன எழுதுகிறது, எப்போது எழுதுகிறது, எந்த எண்ணத்தோடு எழுதுகிறது என்பவற்றைக் கெர்னல் அறியாது. அறியாமலிருப்பதே இவ்வேற்பாட்டின் பிரயோஜனம். ஆகவே, பல்லாயிரம் கோரிக்கைகளின்மீது பரவியிருக்க வேண்டிய எச்சரிக்கை முழுவதும் ஓரிடத்தில், பெரும்பாலும் முப்பது நாற்பது வரிகளுக்குள், திரண்டு நிற்கிறது. அவ்வரிகளை வாசிப்பவர் கேட்க வேண்டியவை மூன்று: உரிமை யாருக்குத் தரப்படுகிறது? எவ்வளவு தரப்படுகிறது? தந்ததை மீட்கும் வழி யாது? முதலிரண்டும் நிரலின் வரிகளிலேயே விடை காணத்தக்கவை. மூன்றாவது, எழுதப்படாத வரிகளை வாசிக்கச் சொல்வது. அனுபவசாலிகளும் சறுக்கும் இடம் அதுவே.

யாருக்கு

2012ஆம் ஆண்டு டிசம்பரில், எக்ஸினோஸ் 4210, 4412 ஆகிய பிராசஸர்கள் பொருந்திய சாம்சங் கைப்பேசிகள் சிலவற்றில் விபரீதமான ஒரு குறை வெளிப்பட்டது. அவற்றின் கெர்னலில் 'எக்ஸினோஸ்-மெம்' என்றொரு சாதனக் கோப்பு இருந்தது. அதனைத் திறந்து எம்மேப் செய்யும் எந்த நிரலும் கைப்பேசியின் பௌதிக நினைவகத்தை வாசிக்கவும் எழுதவும் கூடும். அக்கோப்பின் அனுமதிக் குறியீடோ 0666. அதாவது, உரிமையாளர், அவர் குழுவினர், ஏனையோர் ஆகிய மூவகையினருக்கும் வாசிப்பும் எழுத்தும் திறந்தே கிடந்தன. விளையாட்டு நிரல் ஒன்றைத் தரவிறக்கினால் அது கெர்னலின் நினைவகத்தையே மாற்றி எழுதித் தன்னைச் சர்வாதிகாரியாக்கிக்கொள்ள வேறு சாமர்த்தியம் எதுவும் தேவைப்படவில்லை. யாருக்கு என்னும் கேள்வியை ஒருவர் ஒருமுறை உரக்கக் கேட்டிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய குறை இது.

அதே கேள்வி எப்போதும் இத்தனை எளிதாக இராது என்பதற்கு இன்ஃபினிபேண்ட் டிரைவரில் 2016இல் கண்டுபிடிக்கப்பட்ட பிழை சாட்சி. அந்த டிரைவர் தன் கட்டளைகளை 'ரைட்' என்னும் சாதாரண எழுதும் அழைப்பின் வழியே பெற்றுக்கொண்டது. அக்கட்டளைக்குள்ளேயே, விடையை இன்ன முகவரியில் எழுதுக என்ற குறிப்பும் அடங்கியிருந்தது. திறந்த கோப்பு ஒன்றை நிரல்கள் ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குக் கைமாற்றிக்கொள்ளலாம் என்பது யூனிக்ஸ் மரபு. ஆகவே, அதிகாரமற்ற நிரல் ஒன்று இக்கோப்பைத் திறந்து, உயர் அதிகாரத்தில் ஓடும் வேறொரு நிரலுக்கு அதன் பிழைச் செய்திகளை எழுதும் இடமாகக் கொடுத்துவிடலாம். அந்த உயர்நிலை நிரல், தான் வெறுஞ் செய்தியை எழுதுவதாக எண்ணி எழுதுவதை டிரைவர் கட்டளையாக எடுத்துக்கொண்டு, அந்நிரலின் அதிகாரத்தோடு நிறைவேற்றும் அபாயம் இருந்தது. கோப்பைத் திறந்தவரும் அதில் எழுதுபவரும் ஒரே அதிகாரம் உடையவர்தாமா என்று ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை பின்னர்ச் சேர்க்கப்பட்டது. 2005இல் சேர்ந்த நிரலில் இக்குறை பதினோர் ஆண்டுகள் கண்ணில் படாமல் இருந்ததற்குக் காரணம், கோப்பைத் திறந்தவரே அதில் எழுதுவார் என்று வாசிப்போர் யாவரும் தம்மையறியாமல் அனுமானித்துக்கொண்டதே ஆகும்.

எவ்வளவு

அடுத்தது அளவு. திரையில் தோன்றும் படத்தைத் தாங்கும் நினைவகத்துக்கு 'ஃபிரேம் பஃபர்' என்று பெயர். நிரல்கள் அதனை எம்மேப் செய்து நேரடியாக வரைவதற்கு லினக்ஸ் நெடுங்காலமாக இடமளித்து வந்தது. இன்ன இடத்திலிருந்து இவ்வளவு நீளம் வேண்டும் என்று நிரல் கேட்கும். டிரைவர் தொடக்கத்தையும் நீளத்தையும் கூட்டி, கூட்டுத்தொகை தன்னிடமுள்ள மொத்த அளவை மிஞ்சினால் மறுத்துவிடும். மேலெழுந்தவாரியாக வாசிப்பவருக்கு இச்சோதனையில் குற்றம் ஏதும் தென்படாது. ஆனால் கணினியின் எண்கள் முடிவற்றவை அல்ல. பத்து மணிக்குமேல் ஐந்து மணி நேரம் சென்றால் கடிகாரம் பதினைந்து காட்டாமல் மூன்று காட்டுவதுபோல, 32 பிட் எண்ணும் தன் எல்லையைத் தாண்டியதும் பூஜ்யத்திலிருந்து மீண்டும் தொடங்குகிறது.

விவரங்களைச் சற்றே சுருக்கிப் பக்கக் கணக்கில் பார்ப்போம். 32 பிட் முகவரி வெளியில் அடங்கும் பக்கங்கள் 10,48,576. டிரைவரிடம் உள்ளது 2,000 பக்கம் என்று வைத்துக்கொள்வோம். தீய நோக்கமுடைய நிரல் ஒன்று, 5,48,577ஆம் பக்கத்திலிருந்து தொடங்கி 5,00,000 பக்கம் வேண்டும் என்கிறது. இரண்டின் கூட்டுத்தொகை 10,48,577. அது எல்லையைத் தாண்டிச் சுழன்று ஒன்று என்றாகிறது. ஒன்று இரண்டாயிரத்தை மிஞ்சுமா? மிஞ்சாது; ஆகவே அனுமதி. வெறும் 80 லட்சம் பைட் அளவுள்ள திரை நினைவகத்தைக் காவல் செய்யும் டிரைவர், ஏறத்தாழ 200 கோடி பைட் அளவுக்குப் பிறருடைய நினைவகத்தை, கெர்னலின் நினைவகம் உட்பட, அந்நிரலின் கையில் ஒப்படைத்துவிடுகிறது. இது கற்பனையன்று. 2013இல் 'மோட்டோசாப்பர்' என்ற பெயரில் வெளிவந்த நிரல் இவ்வழியைக் கொண்டே மோட்டோரோலா கைப்பேசிகளின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றிக் காட்டியது.

இப்பிழை திருத்தப்பட்ட முறை பரிசீலகருக்கு ஒரு பாடம். சோதனையில் மேலும் ஒரு நிபந்தனையைச் சேர்த்து ஒட்டுப்போடுவதோடு லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் நின்றுவிடவில்லை. ஒவ்வொரு டிரைவரும் இக்கணக்கைத் தானே செய்துகொண்டிருந்தால் ஒவ்வொன்றிலும் இதே பிழை வெவ்வேறு வடிவில் முளைக்கும் என்று கண்டு, 2013 ஏப்ரலில் அக்கணக்கைச் சரியாகச் செய்யும் பொதுச் செயற்கூறு ஒன்றை எழுதி, டிரைவர்களை அதற்கு மாற்றினார். அச்செயற்கூறு கூட்டலை நம்பியிருப்பதில்லை. தொடக்கம் எல்லைக்குள் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறது; பின் மொத்தத்திலிருந்து தொடக்கத்தைக் கழிக்கிறது; எஞ்சியதைக் கேட்ட நீளம் மிஞ்சுகிறதா என்று இறுதியில் பார்க்கிறது. மேற்கூறிய கோரிக்கை முதல் படியிலேயே விழுந்துவிடும். ஆதலால் இன்று ஒரு டிரைவர் தன் எல்லைக் கணக்கைத் தானே கூட்டிப் பார்க்கிறது என்றால், அக்கணக்கு சரியா என்று கேட்பதற்கு முன்பாக, இருக்கிற பொதுச் செயற்கூறை ஏன் விட்டீர் என்று பரிசீலகர் கேட்பது முறை.

அளவு என்பது நீளம் மட்டும் அன்று. உரிமையின் தரமும் அதில் அடங்கும். வாசிக்க மட்டுமே தரவேண்டிய பக்கம் ஒன்றை எழுதும் உரிமையோடு யாரேனும் கேட்டால் மறுக்கும்படி டிரைவர் எழுதப்பட்டிருக்கலாம். ஆனால் எம்மேப் ஏற்படுத்தும் 'மேப்பிங்' என்னும் பிணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு குறிகள் உண்டு: இப்போது எழுதலாமா என்பது ஒன்று, பின்னர் எழுதும் உரிமை கோரலாமா என்பது மற்றொன்று. முதலாவதைச் சோதித்து இரண்டாவதை அணைக்க மறந்த டிரைவரிடம், நிரல் வாசிக்கும் உரிமையை மட்டும் பணிவாகக் கேட்டுப் பெற்றுக்கொண்டு, பின் 'எம்ப்ரொடெக்ட்' என்னும் அழைப்பினால் அதனை எழுதும் உரிமையாக உயர்த்திக்கொள்ளும். அந்த இரண்டாம் அழைப்பு டிரைவரின் எம்மேப் சோதனையை மறுபடி ஓடச் செய்வதில்லை. ஒரே ஒரு வரி இல்லாத காரணத்தால் சோதனை முழுவதும் வியர்த்தமாகிவிடுகிறது.

சாதனத்தின் கை

இதுவரை நிரலின் கையைப் பற்றிப் பேசினோம். சாதனத்துக்கும் ஒரு கை உண்டு. நெட்வொர்க் அட்டை போன்ற சாதனங்கள், பிராசஸரின் துணையின்றித் தாமே நினைவகத்தில் வாசிக்கவும் எழுதவும் வல்லவை, இதற்கு டி.எம்.ஏ. என்று பெயர். பக்க அட்டவணை நிரலைக் கட்டுப்படுத்துமேயன்றிச் சாதனத்தைக் கட்டுப்படுத்தாது. ஆகவே, சாதனத்தின் பதிவேடுகளை மட்டுமே தந்தோம் என்று டிரைவர் ஆறுதல் கொள்ளலாகாது; அப்பதிவேடுகளில் ஒன்று, இன்ன பௌதிக முகவரியில் எழுது என்று சாதனத்துக்கு ஆணையிடும் பதிவேடாயிருந்தால், நிரல் தன்னால் நேராகச் செய்ய முடியாததைச் சாதனத்தின் மூலம் செய்துகொள்ளும். இதற்குப் பரிகாரமாக வந்ததே ஐ.ஓ.எம்.எம்.யூ. என்னும் வன்பொருள். நிரலுக்குப் பக்க அட்டவணை எவ்வாறோ, சாதனத்துக்கு அவ்வாறு அது ஓர் அட்டவணையை வைத்துக்கொண்டு, அனுமதிக்கப்பட்ட பக்கங்களுக்கு அப்பால் சாதனம் கைவைக்காமல் தடுக்கிறது. யூ.ஐ.ஓ. ஏற்பாட்டில் இத்தடைக்கு இடமில்லை, டி.எம்.ஏ. வல்ல சாதனத்தை நம்பத்தகாத நிரலிடம் அதன் வழியே ஒப்படைப்பது, எல்லாவற்றையும் ஒப்படைப்பதற்குச் சமம்.

மீட்கும் வழி

மூன்றாவது கேள்விக்கு வருவோம். உரிமை பெற்ற நிரல் ஒருநாள் முடியும். முறையாக முடியலாம், திடீரென்று கொல்லப்படலாம், தன்னைப் போலவே இன்னொரு பிரதியைப் படைத்துவிட்டு முடியலாம். அது உயிரோடிருக்கும்போதே சாதனம் பிடுங்கப்படலாம், உறங்கவைக்கப்படலாம், மறுதொடக்கம் செய்யப்படலாம். இவற்றுள் ஒவ்வொன்றிலும் தந்த உரிமை எந்தக் கணத்தில் யாரால் திரும்பப் பெறப்படுகிறது என்பதற்கு விடை வேண்டும்.

எடுத்துக்காட்டாக ஒரு டிரைவரைக் கருதுவோம். அது எம்மேப் அழைப்பின்போது தன் கணக்கில் ஒன்றைக் கூட்டிக்கொள்கிறது. மேப்பிங் நீங்கும்போது கெர்னல் அழைக்கும் 'குளோஸ்' என்னும் செயற்கூறில் ஒன்றைக் கழிக்கிறது; கணக்கு பூஜ்யமானால் நினைவகத்தை விடுவிக்கிறது. கூட்டலும் கழித்தலும் சரியாக இருப்பதாகவே தோன்றும். இப்போது அந்நிரல் 'ஃபோர்க்' செய்து ஒரு சேய்ப் பிராசஸைப் படைக்கிறது. மேப்பிங் இரண்டாகிறது, ஆனால் எம்மேப் மீண்டும் அழைக்கப்படுவதில்லை. அத்தருணத்தில் கெர்னல் அழைப்பது 'ஓப்பன்' என்னும் வேறொரு செயற்கூறு. அதனை எழுத டிரைவர் ஆசிரியர் மறந்திருந்தால் கணக்கு ஒன்றாகவே நிற்கும். சேய் முடிகிறது, குளோஸ் ஓடுகிறது, கணக்கு பூஜ்யமாகிறது, நினைவகம் விடுவிக்கப்பட்டு வேறொருவருக்கு வழங்கப்படுகிறது. தாய்ப் பிராசஸோ அதே பௌதிகப் பக்கங்களை இன்னும் கையில் வைத்துக்கொண்டிருக்கிறது. இந்த டிரைவரில் எழுதப்பட்ட வரி ஒவ்வொன்றும் பிழையற்றது. பிழை, எழுதப்படாத செயற்கூறில் இருக்கிறது. எழுதியவற்றை மட்டும் வாசிக்கும் பரிசீலகர் இதனை ஒருபோதும் காணமாட்டார்; குளோஸ் இருக்கும் இடத்தில் ஓப்பன் எங்கே என்று தேடுபவரே காண்பார்.

டி.எம்.ஏ.வில் மீட்பின் வரிசைமுறை இன்னும் கடுமையானது. முதலில் சாதனத்தை நிறுத்த வேண்டும், பின் ஐ.ஓ.எம்.எம்.யூ. அட்டவணையிலிருந்து அப்பக்கங்களை நீக்கி, அது தன்னுள் சேமித்து வைத்திருக்கும் பழைய மொழிபெயர்ப்புகளையும் அழிக்க வேண்டும். அதன்பின்னரே பக்கங்களை விடுவிக்கலாம். வரிசை பிறழ்ந்தால், ஏற்கெனவே வேறொருவருக்குக் கைமாறிவிட்ட பக்கத்தில் சாதனம் சாவதானமாக எழுதிக்கொண்டிருக்கும். சோதனைக்கூடத்தில் ஆயிரம் முறை ஓட்டினாலும் இது தட்டுப்படாமல் போகலாம்; என்றோ ஒருநாள், எங்கோ ஒரு நிரலின் தரவு காரணமின்றிச் சிதைந்து கிடக்கும்; குற்றவாளி யாரென்று அறிய வழியிராது.

மீட்பதன் கஷ்டத்தை உணர்த்த 'வி.எஃப்.ஐ.ஓ.' டிரைவரின் சரித்திரத்தைக் காட்டிலும் சிறந்த உதாரணம் இல்லை. ஐ.ஓ.எம்.எம்.யூ.வை அடிப்படையாகக் கொண்டு, நேரடி உரிமையைப் பாதுகாப்போடு வழங்குவதற்கென்றே அமைக்கப்பட்டு, 2012இல் லினக்ஸ் 3.6 பதிப்பில் சேர்ந்தது அது. அத்தனை கவனத்தோடு ஆக்கப்பட்ட அதிலும் 2020இல் ஒரு குறை புலப்பட்டது. சாதனம் தன் நினைவக வெளிக்கு வரும் கோரிக்கைகளை ஏற்கலாமா என்பதைத் தீர்மானிக்கும் ஒரு பிட் அதன் கட்டளைப் பதிவேட்டில் உண்டு. நிரல் அந்த பிட்டை அணைத்துவிட்டு, முன்பே பெற்ற மேப்பிங்கின் வழியே சாதனத்தைத் தொட்டால், சாதனம் பதில் தராது. சில இயந்திரங்களில் அவ்வாறு பதில் வராமையே பிழையாகி முழுக் கணினியையும் வீழ்த்திவிடும். வழங்கும்போது மேப்பிங் நியாயமானதே. பின்னர் நிலைமை மாறியதும் அதனை மீட்கவேண்டும் என்ற ஏற்பாடு மட்டுமே இல்லை. நினைவக வெளி அணைக்கப்பட்டதும் மேப்பிங்குகளை எல்லாம் விலக்கிவிடுவதாகத் திருத்தம் அமைந்தது.

மீட்கவே இயலாத உரிமை ஒன்றும் உண்டு. டிரைவர் நிரல்களுக்குக் காட்டும் முகப்பு, அதாவது எந்தக் கட்டளை எந்த வடிவில் வரும், விடை எந்த வடிவில் செல்லும் என்னும் உடன்படிக்கை, ஒருமுறை வெளிவந்து நிரல்கள் அதனைச் சார்ந்துவிட்டால் பிறகு மாற்றலாகாது என்பது லினக்ஸ் உலகின் உறுதியான நியதி. ஒரு கட்டளையில் எதிர்காலத்துக்கென ஒதுக்கிய பிட்டுகள் பூஜ்யமாக இருக்கின்றனவா என்று இன்று சோதிக்காவிட்டால், நிரல்கள் அவற்றில் குப்பையை அனுப்பிப் பழகிவிடும். நாளை அவற்றுக்கு ஒரு பொருள் கொடுக்க முடியாமல் போகும். ஆகவே, இவற்றைச் சோதித்தீரா என்று பரிசீலகர் கேட்பது அற்பமான பிடிவாதமாகப் புதியவருக்குத் தோன்றினாலும், பல்லாண்டுகளுக்குரிய ஒரு வாக்குறுதியின் வாசகத்தையே அவர் திருத்துகிறார் என்று அறிதல் வேண்டும்.

பரிசீலனை செய்த படைப்பு

வி.எஃப்.ஐ.ஓ. தோன்றிய விதமே பரிசீலனையின் மேன்மைக்குச் சான்று. 2010இல் சிஸ்கோ நிறுவனத்தைச் சேர்ந்த டாம் லியான், யூ.ஐ.ஓ. ஏற்பாட்டைச் சற்று விரிவுபடுத்திச் சலுகையற்ற நிரல்களும் சாதனங்களைக் கையாள வழிசெய்யும் திருத்தம் ஒன்றை முன்வைத்தார். அதனை வாசித்தவர்கள், சாதனத்தின் டி.எம்.ஏ.வைத் தடுப்பது யார், குறுக்கீட்டுச் சைகைகளை நிரல் தவறாக அமைத்தால் என்ன ஆகும் என்று கேட்டனர். அக்கேள்விகளுக்கு விடை தேடும் முயற்சியில் சிறு விரிவாகத் தொடங்கியது தனி டிரைவராயிற்று. பின்னர் ரெட் ஹேட் நிறுவனத்தைச் சேர்ந்த அலெக்ஸ் வில்லியம்சன் பொறுப்பேற்று அதனைப் புதிதாக வகுத்தார். ஒரே பாலத்தின்கீழ் அமர்ந்து தமக்குள் நேராகப் பேசிக்கொள்ளக்கூடிய சாதனங்களைப் பிரித்துக் காவல் செய்ய முடியாது என்பதனால், அவற்றை ஒரே குழுவாகவே ஒருவருக்கு ஒப்படைக்க வேண்டும் என்னும் கோட்பாடும் அதனுடன் உருவாயிற்று. முதல் திருத்தத்துக்கும் இறுதி ஏற்புக்கும் இடையே இரண்டு ஆண்டுகளுக்குமேல் கடந்தன. அவ்வாண்டுகளைத் தாமதம் என்று கணக்கிடுவது தவறு. இன்று மேகக் கணினி நிலையங்களில் ஒரு வாடிக்கையாளரின் மெய்நிகர் இயந்திரத்துக்கு உண்மையான சாதனத்தைத் துணிந்து ஒப்படைக்க முடிகிறதென்றால், அந்தத் துணிவின் மூலதனம் அவ்விரண்டாண்டுகளில் கேட்கப்பட்ட கேள்விகளே.

பிழை தேடும் இயந்திரக் கருவிகள் இந்நாளில் பெருகியிருக்கின்றன. விடுவித்த நினைவகத்தைத் தொட்டால் கூச்சலிடும் காவல் உண்டு. தாறுமாறான அழைப்புகளை இரவும் பகலும் கெர்னல்மீது பொழிந்து சோதிக்கும் நிரலும் உண்டு. இவற்றின் சேவை மகத்தானது. மனிதக் கண் தவறவிடும் எண்ணற்ற பிழைகளை இவை பிடித்துத் தருகின்றன. ஆனால் இவை சோதிப்பது, நிரல் தான் சொல்லியபடி நடக்கிறதா என்பதையே. 0666 என்னும் அனுமதியில் எந்தக் கருவியும் பிழை காணாது. அந்நிரல் தான் சொன்னபடியே, எல்லோருக்கும் எல்லாவற்றையும் தந்தது. இந்த உரிமையைத் தரத்தான் வேண்டுமா, இதனினும் குறைவாகத் தந்தால் காரியம் ஆகாதா, நாளை திரும்பக் கேட்கும் நாள் வந்தால் என் செய்வீர் என்று கேட்பதற்கு, அந்த உரிமையால் துன்புறக்கூடியவர்களின் ஸ்தானத்தில் தன்னை வைத்துப் பார்க்கும் மனம் தேவை.

ஆதலின், இத்துறைக்கு வரும் இளைஞர்களுக்கு ஒன்றைச் சொல்லலாம். பிறர் எழுதிய டிரைவரை வாசிப்பதை எழுதத் தெரியாதவரின் வேலை என்றோ, எழுதுவதற்குமுன் கழித்துவிட வேண்டிய கடன் என்றோ கருதற்க. ஒரு டிரைவரை எழுதுகிறவர் தம் சாதனத்தை அறிந்தால் போதும். பரிசீலிப்பவரோ ஃபோர்க்கையும், பக்க அட்டவணையையும், ஐ.ஓ.எம்.எம்.யூ.வையும், யூனிக்ஸின் கோப்பு மரபையும் ஒருங்கே அறிந்திருக்க வேண்டும். தம் பெயரை 'பரிசீலித்தவர்' என்று ஒரு மாற்றத்தின்கீழ் இடுகிறவர், தாம் கண்ட குறைகள் தீர்ந்தன என்றும், இது கெர்னலில் சேரத்தக்கது என்றும் தம் பொறுப்பில் சொல்கிறார். எம்மேப் செயற்கூறின் முதல் வரியை வாசிக்குமுன் நினைவகம் விடுவிக்கப்படும் வரியைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து பின்னோக்கி வாசிக்கும் பழக்கத்தை மேற்கொள்க. தருவதை எழுத ஆசிரியர்கள் அரிதாகவே மறக்கிறார்கள். திரும்பப் பெறுவதை நினைவூட்டும் கடமை பரிசீலகருடையது.